திராட்சைப் பந்தலுக்கு ஒரே டிக்கெட்

அத்தியாயம் 11

தியாகதுருகத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துச் சாலம்மாள் வந்து இறங்கியபோது, மணிமொழி புடவை மடித்துக்கொண்டிருந்தாள். ஊதா நிறப் புடவை. திராட்சைத் தோட்டத்துக்குத் தோதாக இருக்கட்டும் என்று பீரோவின் அடியிலிருந்து தேடி எடுத்தது. நாத்தனாரைப் பார்த்ததும் அதை ஒளித்து வைக்கத்தான் கை போயிற்று. அப்புறம் எதற்கு என்று தோன்றி, எல்லாத் துணிக்கும் மேலாகவே வைத்தாள்.

"அப்போ கெளம்பறதுன்னே முடிவு பண்ட்டியா?"

"வாங்க அண்ணி. டீ போடட்டுமா?"

"டீ ஒண்ணுதான் கொறச்சல் எனக்கு" என்றாள் சாலம்மாள். ஆனாலும் உட்கார்ந்தாள். டீயும் குடித்தாள். வெறும் வயிற்றில் சண்டை போடுகிற வழக்கம் அவளுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

சண்டை எதற்கு என்று போன வாரத்தைத் தவறவிட்டவர்கள் கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். அப்பாவும் அம்மாவும் கல்யாணமான நாளிலிருந்து ஓர் இடத்துக்கும் போனதில்லை என்ற குறை, சென்னையில் வேலை பார்க்கும் மகள் சங்கவிக்கு. கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் அவர்கள் இரண்டு நாள் தங்க ஏற்பாடு செய்தாள். சுற்றிலும் மலை, தலைக்கு மேலே பந்தல், பந்தல் முழுக்கப் பன்னீர் திராட்சை. போனில் ஒரு வீடியோவும் அனுப்பினாள். அதில் மணிமொழி வயசுப் பெண் ஒருத்தி, பந்தலுக்குக் கீழே கட்டிலில் மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஒன்றும் செய்யவில்லை. யாரும் அவளைக் கூப்பிடவும் இல்லை. மணிமொழி அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தாள் என்பது அவளுக்கும் அந்தப் போனுக்கும்தான் தெரியும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, தோட்டக்காரர் போன் செய்கிற வரைக்கும். அன்றைக்கு வீட்டில் இருந்த சாலம்மாள்தான் எடுத்தாள். "பக்கத்துலயே ஒயின் எடுக்கிற எடம் இருக்கும்மா. அதச் சுத்திப் பாக்குறது, ருசி பாக்குறது எல்லாம் சேத்துத்தான் ரூமு" என்று அந்த மனிதர் ஆசையாகச் சொல்லி வைத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் சொந்தம் பூராவும் தெரிந்துவிட்டது.

மற்ற வீட்டில் என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இது மணிமொழியின் புருஷன் வெற்றிசெல்வன் வீடு. மலையிலிருந்து சாமையும் மரவள்ளியும் ஏற்றி வரும் குட்டியானை வண்டிக்காரன், கல்யாணமான நாளிலிருந்து குடித்தவன். கள்ளச்சாராயச் சாவுகளால் கள்ளக்குறிச்சியே அழுத அந்த ஜூன் மாதம் முடிந்த அடுத்த வாரம், கல்வராயன் மலை மேல் தன் ஊர்க் கோயிலில் கயிறு கட்டிக் குடியை விட்டவன்.

அந்தக் கோயிலில் ஒரு கயிறு கட்டுவதில்லை, இரண்டு. குடியை விடுகிறவனின் வலது கையில் ஒன்று. "இவனுக்கு யார் பொறுப்பு?" என்று பூசாரி அம்மாசி கேட்பார். "நான் பொறுப்பு" என்று முன்னால் வருகிறவரின் இடது கையில் இன்னொன்று. அவன் மறுபடி குடித்தால், சாமியும் சரி ஊரும் சரி, முதலில் பிடிப்பது பொறுப்பு நின்றவரைத்தான். அன்றைக்கு மணிமொழி யோசிக்கக்கூட இல்லை, கையை நீட்டினாள்.

இரண்டு வருஷம் ஆயிற்று. அவன் குடிக்கவில்லை. அவள் தூங்கவில்லை.

இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், தினமும் ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டு வெற்றிசெல்வன் அவள் எதிரில் வந்து நிற்பான். வாயைத் திறந்து "ஹா" என்று ஊதுவான். அவள் மோந்து பார்ப்பாள். அதன் பிறகுதான் சோறு. காது குத்து, கருமாதி எதுவானாலும் அவன் போகிற இடத்துக்கெல்லாம் அவளும் போனாள். சொந்தக்காரர்கள் அவளைப் பார்த்து நல்லா இருக்கியா என்று கேட்பதை விட்டே நாளாகிறது. "எப்டி இருக்கான், ஒழுங்கா இருக்கானா?" என்பார்கள்.

"ஒயின் எடுக்கற ஊருக்கு நான் வரல" என்று போன வாரமே வெற்றிசெல்வன் சொல்லிவிட்டான். சாலம்மாள் அத்தோடு முடிந்தது என்று ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். முடியவில்லை என்பது நேற்றுத்தான் அவள் காதுக்குப் போயிருக்கிறது.

"அவன்தான் வரலன்னுட்டானே. நீ ஒண்டியா போயி இன்னா பண்ணப் போற?"

"படுத்துக்கினு இருக்கப் போறேன்."

"அதுக்குக் கம்பம் வரைக்கும் போவணுமா? இங்கயே படு."

"இங்க படுத்தா யாரு வுடறாங்க?"

சாலம்மாள் டம்ளரைத் தரையில் நங்கென்று வைத்தாள். "ரூமு ரெண்டு பேருக்காமே?"

"ரெண்டு கட்டிலு அண்ணி. மாத்தி மாத்திப் படுத்துக்கறேன்."

வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த வெற்றிசெல்வனின் கை நின்றதை மணிமொழி கவனித்தாள். சிரிப்பை அடக்குகிறானா, கோபத்தை அடக்குகிறானா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"நாலு பேரு இன்னா சொல்லுவாங்க? புருஷனக் குடிய வுட வச்சிட்டு, பொண்டாட்டி ஒயின் குடிக்கப் போயிட்டாம்பாங்க. அங்க போயி அத ருசி வேற பாப்பியா நீ?"

"அங்க போயி முடிவு பண்ணிக்கறேன். கல்யாணம் ஆனதுலேந்து அதோட நாத்தத்த மட்டும்தான் மோந்துகினு கெடக்கறேன். ருசி இன்னான்னு எனக்கும் தெரிய வேணாமா?"

சொன்ன பிறகு அவளுக்கே திக்கென்றது. ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த வீட்டில் அவள் பேசியதிலேயே அதுதான் சுத்தமான உண்மை.

சாலம்மாள் வாயடைத்துப் போவாள் என்று நினைத்தால் நீங்கள் சாலம்மாளைச் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. அவள் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். மணிமொழியின் இடது கையைப் பிடித்துத் தூக்கி, அழுக்கேறிப் போயிருந்த கயிற்றைக் காட்டினாள்.

"இது இன்னா? வளையலா? பொறுப்பு நின்னவ நீ. பொறுப்புக் கயித்தக் கட்டிக்கினு அவன வுட்டுட்டு ராத்திரி தங்க வேற ஊருக்குப் போவக் கூடாது. தெரியும் இல்ல?"

தெரியும். ஒரு வாரமாக மணிமொழியின் நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்ததும் அதுதான். சங்கவியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண், "அதெல்லாம் மூடநம்பிக்கைம்மா" என்று சிரிப்பாள். மணிமொழியால் சிரிக்க முடியாது. கயிற்றின் மேல் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. அவள் புருஷன் உயிரோடு வண்டி துடைத்துக்கொண்டிருப்பதே அதனால்தான் என்று நம்பினாள். அதனால்தான் திருட்டுத்தனமாக அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போக மனசு வரவில்லை.

"தெரியும் அண்ணி. அப்போ வாங்க, மலைக்கே போலாம். அம்மாசி மாமாவக் கேட்டுடலாம்."

"எதுக்கு?"

"பொறுப்ப எறக்கி வைக்க."

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வண்டி மலை ஏறியது. முன் சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கொண்டை ஊசி வளைவு வரும்போதெல்லாம் சாலம்மாள் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். அந்த நேரம் மட்டும் பேச்சு நின்றது. இன்னும் நாலு வளைவு அதிகமாக இருந்தால் என்ன என்று மணிமொழிக்கு இருந்தது.

கரியாலூர் நெருங்கும்போது வெற்றிசெல்வன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"நான் கூட வர்றேன்னு சொன்னா?"

"வேணாங்க."

"இன்னாத்துக்கு? அங்க போயி குடிச்சிடுவன்னா?"

"இல்ல. நீங்க வந்தா நான் உங்களப் பாத்துக்கினே இருப்பேன். பந்தலப் பாக்க மாட்டேன். அது டூர் இல்ல, டூட்டி."

அவன் கியரை மாற்றினான். மாற்றத் தேவையே இல்லாத இடத்தில் மாற்றினான்.

கோயில் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மரம், மரத்தடியில் கல், கல்லுக்கு முன்னால் நட்ட வேல்கள். சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பூசாரி அம்மாசியைக் கூப்பிட்டு அனுப்பியதும், அவர் காலைக் கழுவிக்கொண்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாம்மா, எல்லாரும் ஒண்ணா வந்திருக்கீங்க?"

"கயித்த அவுக்கணும் மாமா."

அம்மாசி சட்டென்று வெற்றிசெல்வனின் வலது கையைப் பார்த்தார். முகம் மாறியது.

"அவருது இல்ல. என்னுது" என்றாள் மணிமொழி.

பூசாரி அவள் கையிலிருந்த கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார். "பொறுப்புக் கயித்த சும்மா அவுக்க முடியாதும்மா. அது கீழ வுழக் கூடாது. இன்னொரு கைக்குத்தான் போவணும்."

"அது தெரிஞ்சிதான் ஆளோட வந்திருக்கேன்."

அவள் சாலம்மாளைப் பார்த்தாள். சாலம்மாள் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். மரம்தான் நின்றது.

"என்னயா சொல்ற?"

"நீங்கதான் அண்ணி. கூடப் பொறந்தவங்க. உங்களுக்கு இல்லாத அக்கறையா?"

"எனக்குச் சக்கர இருக்குது. முட்டி வேற வலி. தியாகதுருகத்துல கெடக்கறவ நான், தெனம் வந்து இவன் வாய எப்டி மோந்து பாக்கறது?"

"எனக்கும்தான் முட்டி வலி."

"நாளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா, ஊரு என்னையில்ல கேக்கும்?"

"ஆமா அண்ணி. ரெண்டு வருஷமா என்னத்தான் கேக்குது."

சாலம்மாள் கயிற்றைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது மணிமொழிக்கு. கெட்டவள் இல்லை. தம்பி மேல் உயிரையே வைத்திருப்பவள்தான். ஆனால் அந்தப் பாசத்தின் பாரத்தை இன்னொருத்தி தூக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குப் பழக்கம். அந்த இரக்கத்துக்காக இன்றைக்கும் இறங்கிப் போனால், சாகிறவரை இறங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்று மணிமொழி தன்னை இறுக்கிக்கொண்டாள்.

"அப்போ இவருக்கே கட்டிடுங்க மாமா" என்றாள்.

"யாருக்கு?"

"இவருக்கு. இவரோட எடது கையில."

அம்மாசி தலையை ஆட்டினார். "குடிச்சவனே குடிச்சவனுக்குப் பொறுப்பா? அப்டி வழக்கம் இல்லம்மா."

"வழக்கம் இல்லன்னா இன்னையிலேந்து வச்சிக்கலாம். நான் ஒண்ணு கேக்கறேன், அதுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க. அப்பறம் நீங்களே முடிவு பண்ணுங்க." அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "ரெண்டு வருஷமா இந்த வூட்டுல குடி இல்ல. அது யாரு செஞ்சது? நீங்க குடிக்காம இருந்தீங்களா? இல்ல, நான் குடிக்க வுடாம இருந்தனா?"

வெற்றிசெல்வன் நிமிர்ந்து பார்த்தான். அவன் கண் சிவந்திருந்தது.

"எந்த ராத்திரியாவது வாடை இருந்திச்சா? ஒரு நாளு? சொல்லு."

"இல்ல."

"வண்டியில லோடு ஏத்தறவன் எல்லாம் கூப்புடுவான். 'வா செல்வம், ஒரு கட்டிங்'ன்னுவான். நீ கூட இருந்தியா அங்க? நான்தான் வேணாம்னு வந்தேன். வூட்டுக்கு வந்தா, திருடன நிக்க வச்ச மாதிரி வாய ஊதிக் காட்டறேன். ஒரு நாளாவது முடியாதுன்னு சொல்லி இருப்பனா?"

"அப்போ யாரு செஞ்சது?"

"நான்தான்" என்றான் அவன். பிறகு இன்னும் உரக்கச் சொன்னான். "நான்தான் செஞ்சேன். என்னுது அது."

"அப்போ நீட்டுங்க கைய."

அவன் நீட்டினான். அவ்வளவு வேகமாகப் பேசிய மனிதன், கையை மட்டும் மெதுவாகத்தான் நீட்டினான். மணிமொழி அதைப் பார்த்தாள், அம்மாசியும் பார்த்தார். அவர் குனிந்து, மணிமொழியின் கையிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். கீழே விழாமல் பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டு, வெற்றிசெல்வனின் இடது மணிக்கட்டில் சுற்றிக் கட்டினார்.

"இவனுக்கு யாரு பொறுப்பு?" என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"நான் பொறுப்பு" என்றான் வெற்றிசெல்வன்.

கேட்டுக்கொண்டிருந்த சாலம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மணிமொழி தன் மணிக்கட்டைத் தடவினாள். கயிறு இருந்த இடத்தில் வெளுப்பாக ஒரு கோடு மட்டும் இருந்தது. சந்தோஷம் பொங்கும் என்று நினைத்திருந்தாள். பொங்கவில்லை. பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தோடேயே போவது என்று முடிவு செய்தாள்.

மலை இறங்கி வீடு வந்து சேர்ந்ததும், வெற்றிசெல்வன் வண்டியை அணைக்கவில்லை. "டீசல் போட்டுக்கினு வந்துடறேன். பஸ் ஸ்டாண்டுக்கு நானே வுடறேன்" என்று கிளம்பிவிட்டான்.

மணிமொழி குளித்தாள். ஊதாப் புடவையைப் பையிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டாள். வைத்து எடுத்துப் போவதைவிட உடுத்திக்கொண்டு போவது மேல் என்று தோன்றியது. சங்கவி போன் செய்து, சேலத்தில் எங்கே இறங்கி எந்தப் பஸ்ஸில் ஏற வேண்டும் என்று மூன்றாவது முறையாகப் பாடம் நடத்தினாள்.

"அப்பா ஒண்ணும் சொல்லலியாம்மா?"

"சொன்னாரு. எல்லாம் வந்து சொல்றேன்."

போனை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தாள். வண்டியைக் காணோம். பெட்ரோல் பங்க் தெருமுனையில்தான் இருக்கிறது. சாலம்மாளும் வாசலைப் பார்த்தாள், மணிமொழியையும் பார்த்தாள். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் மணிமொழிக்குச் சங்கடமாக இருந்தது.

டீசல் போடுகிற நேரத்துக்கு நாலு மடங்கு நேரம் கழித்து வண்டி வந்தது. இறங்கியவன் கையில் ஒரு பை கொய்யாப்பழம்.

"வழியில சாப்புட" என்றான். வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டிருந்தான்.

சாலம்மாள் மணிமொழியின் முழங்கையை இடித்தாள். கேளு என்று அர்த்தம். மணிமொழிக்கும் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எங்க போனீங்க, யாரப் பாத்தீங்க, வாயில இன்னா. இரண்டு வருஷப் பழக்கம், சொல்லிக்கொடுக்காமலே வரிசையாக வந்து நின்றது. அவள் கொய்யாப்பழப் பையை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். சாலம்மாளும் கூடவே ஏறிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரமாக ஒரு சீட் காலியாக இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும், வெற்றிசெல்வன் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். இரண்டு கையிலும் கயிறு. கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஜாக்கிரதையாப் போயிட்டு வா."

"சாமானெல்லாம் வூட்டுல இருக்குது. கொழம்பு சட்டியில மூடி வச்சிருக்கேன்."

"சரி."

பஸ் ஒரு தடவை குலுங்கியது. அப்போது அவன், யாரும் சொல்லாமலே, முகத்தை ஜன்னலுக்கு நேராகத் தூக்கினான். தினமும் ராத்திரி நிற்பதுபோல நின்றான். ஊதுவதற்காக வாய் திறந்தது.

மணிமொழி மூச்சை அடக்கிக்கொண்டாள். கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, அவன் வாயை உள்ளங்கையால் மெல்ல மூடினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. பஸ் நகர்ந்தது. கை தானாக விடுபட்டது.

ஸ்டாண்டை விட்டு வெளியே வரும்வரை அவள் மூச்சை விடவில்லை. விட்டு இழுத்தபோது கொய்யாப்பழ வாசனையும் டீசல் புகையும்தான் இருந்தன. அந்தக் கையை மூக்கருகே கொண்டுபோகாமல் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள். வளைவில் பஸ் திரும்பியபோது பின் கண்ணாடி வழியாகத் தானாகத் தெரிந்தது. சாலம்மாள் தம்பியின் எதிரில் போய் நின்று, அவன் தாடையைப் பிடித்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு ஊதிக் காட்டுடா என்றுதான் இருக்க வேண்டும். வெற்றிசெல்வன் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

அவன் வாயைத் திறக்கவில்லை.

இறங்கிவிடலாம். இங்கே இறங்கினால் நடந்தே போய்விடும் தூரம்தான். விசில் அடிக்கச் சொன்னால் நிறுத்துவார்கள். மணிமொழியின் கால் ஒரு கணம் எழுந்திருக்கப் பார்த்தது. அவள் பாதத்தை அழுத்தி ஊன்றிக்கொண்டு முன்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

கண்டக்டர் வந்து நின்றார். மடியில் இருந்த இரண்டு ஆள் அளவுக்கான பையைப் பார்த்துவிட்டு, "எத்தினி பேரும்மா?" என்றார்.

"நான்தான்" என்றாள் மணிமொழி. "சேலம் ஒண்ணு குடுங்க."